துன்னலும் அடியட்டையும்: சேதுநாட்டுக் கரையிலிருந்து ஒரு நோக்கு

தமிழர்தம் ஆடையும் அணிகலனும் பற்றி அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். காலில் அணிவது பற்றிய ஆராய்ச்சியோ மிகச் சுருங்கியது. உள்ளதும் பெரும்பாலும் சொற்பொருள் காணும் அளவில் நின்றுவிட்டது. காலணி எவ்வாறு கட்டப்பெற்றது, அதன் அடி தேய்ந்தபின் எவ்வாறு புதுப்பிக்கப்பெற்றது, அதன் நன்மை தீமைகளை எவர் எதனால் அறிந்தனர் என்னும் வினாக்களை நாம் எழுப்பியதே இல்லை எனலாம். அவற்றுள் சிலவற்றிற்கேனும் விடை காண முயல்வது இக்கட்டுரை. இராமநாதபுரமும் இராமேசுவரமும் அடங்கிய சேதுநாட்டுக் கரையை இதற்கு நிலைக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. தோல் பதனிடுதற்கு வேண்டும் பொருள்கள் சில விளையும் நிலமும், பதனிட்ட தோலைக் கெடுக்கும் கடற்காற்றும் இங்கு அருகருகே உள்ளன. செருப்பு அணியும் உரிமையே வழக்குப் பொருளான நாடும் இதுவே.

முதலில் சொல்லை நோக்குவோம். சங்க நூல்களில் காலணியைக் குறிக்கத் 'தொடுதோல்' என்னும் சொல் பயில்கிறது. பெரும்பாணாற்றுப்படை, வணிகர் காலணியை அடியை மறைக்கும் அரணாகக் கூறுகிறது. 'செருப்பு' என்னும் சொல்லும் புதியதன்று. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார் செருப்பு என்னும் மலையைக் குறிக்குமிடத்து, அது மிதிக்கப்படாத செருப்பு என வெளிப்படையாக அடைகொடுத்துப் பிரிக்கின்றார். மலைப்பெயரைக் கேட்டவுடன் காலணி நினைவிற்கு வரும் அளவிற்கு அச்சொல் அந்நாளிலேயே வழக்கூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆயினும் எம் நோக்கிற்குப் பொருட்பெயரினும் வினைஞர் பெயரே பெரிதும் உதவுகிறது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை மருவூர்ப்பாக்கத்து வாழ்ந்த தொழிலாளரை அடுக்கிக் கூறும்பொழுது, துணி தைப்போரைத் 'துன்னகாரர்' என்றும் தோல் தைப்போரைத் 'தோலின் துன்னர்' என்றும் அருகருகே நிறுத்துகிறது. தோலை உரித்தல், பதனிடுதல், அறுத்தல் எனத் தொழில் பலவாக இருப்பவும் பெயர் துன்னுதலால் வந்தது. இனித் துன்னல் என்பது புதிதாகத் தைத்தலை மட்டும் குறிப்பதன்று. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்த கந்தையும் துன்னலால் சிறப்பிக்கப்படுகிறது. ஆண்டு அது கிழிந்ததை வேற்றிழை கொண்டு பொருத்திய தையலாகும். ஆக, ஆக்குதற்கும் செப்பனிடுதற்கும் ஒரு வினைச்சொல்லே நின்றது. துன்னகாரர் என்பதனைப் பாலி, வடமொழிச் சொற்களோடு இயைத்துக் காண்பாரும் உளர். அவ்வியைபு உண்மையாயினும் எம் கருத்திற்கு இழுக்கில்லை. அம்மொழிகளிலும் அச்சொல் தைப்போனை நோக்கியதே.

இவ்வளவிற்கும் பருப்பொருட் சான்று உண்டோ எனின், தமிழகத்து மண் கைவிடுகிறது. வைகை கடலொடு கலக்கும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் 1986-87 முதற்கொண்டு அகழாய்வுகள் நிகழ்ந்தன. உரோமர் காசும், பானையோடும், மணியும் கிட்டின. தோல் கிட்டவில்லை, கிட்டுதலும் அரிது. வெப்பமும் ஈரமும் மாறிமாறி வரும் நிலத்தில் தோல் சில ஆண்டுகளில் மக்கிவிடும். இதற்கு மாறாக, பிரிட்டனின் வடபால் உரோமர் காவற்கோட்டையாகிய விண்டோலாந்தாவில், காற்றுப் புகாத ஈரமண்ணில் 5,000-க்கு மேற்பட்ட காலணிகள் அழியாது கிடைத்துள்ளன. அவற்றின் அடியில் அறைந்த ஆணிகளையும், ஓரத்துத் தையலையும், தேய்மானத்தையும் கொண்டு அணிந்தோர் நடையையும் நிலையையும் கூட அங்குள்ள அறிஞர் கணிக்கின்றனர். அவ்வாய்ப்பு நமக்கில்லை. எனவே ஏட்டையும் மண்ணையும் விட்டு, இன்றும் உயிரோடிருக்கும் கைத்தொழிலையே சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

காலணியின் அடிப்பகுதியை 'அட்டை' என்பது தொழில்வழக்கு. மேற்றோல் நெடுநாள் நிற்கும்; அட்டையோ நாள்தோறும் தேயும். ஆதலின் ஒரு காலணியின் கட்டு நல்லதா என்னும் வினா, உண்மையில், மேற்றோலுக்கு ஊறின்றி அட்டையைப் பிரித்து எடுக்க இயலுமா என்னும் வினாவே ஆகும். மேனாட்டு உயர்ந்த பூட்சுகளின் அமைப்பை நோக்கின் இது தெளிவாகும். அவற்றில் மேற்றோலையும் உள்ளட்டையையும் ஒரு தோல்வாரோடு சேர்த்து முதலில் தைப்பர். 'வெல்ட்' என வழங்குவது அவ்விளிம்பு வாரே. அதன்பின் அடியட்டையை அவ்வாரோடு மட்டும் வேறொரு தையலால் பிணைப்பர். அடி தேய்ந்துழி இரண்டாம் தையலை அறுத்து அட்டையை நீக்கிப் புதியது வைத்தால் போதும். முதல் தையலைத் தொடவேண்டுவதில்லை. கையால் செய்துவந்த இதனை எந்திரத்தால் செய்யும் முறை 1870-களில் அமெரிக்காவில் உருவாகி, குட்இயர் என்னும் பெயரொடு உலகெங்கும் பரவிற்று. அதற்கு முன்னரே 1858-இல் பிளேக் என்பவர் காப்புரிமை பெற்ற எந்திரம், உள்ளட்டையிலிருந்து அடியட்டை வரை நேரே ஊடுருவித் தைப்பது. இதனால் காலணி இலேசாக அமையும். ஆனால் அடி மாற்றுங்கால் உள்ளிருந்தே மீண்டும் தைக்க வேண்டும், நனைந்தால் நீரும் தையல்வழி உள்ளேறும். பசையால் மட்டும் ஒட்டியதோ துன்னலே இல்லாதது. அதைப் பிரிக்கப் புகுந்தால் மேற்றோலின் ஓரமும் உடன்கிழியும் இடம் பல.

தையலுக்கு அடுத்தது தோல். நல்ல மேற்றோலை மடித்துப் பார்த்தால் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி, விட்டவுடன் மறையும். மேற்பரப்பைச் சீவி வண்ணம் பூசிய தோல் மடிப்பில் வெடிப்புப் போன்ற கோடு காட்டும். அடியட்டையின் தரம் அதன் வெட்டுவாயில் உள்ளது. பட்டைச்சாறு நடுவரை ஊறியிருப்பின் வெட்டுவாய் ஒரே நிறமாக இருக்கும். ஊறாவிடின் நடுவில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். ஐயம் எழுந்தால் அசெட்டிக் அமிலத்தை ஒரு துளி இடுவது ஆய்வுக்கூடத்தார் முறை. பதனாகாத பகுதி உப்பிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் காட்டும். தெருவோரத்துத் தோல்வினைஞர் அமிலமின்றியே கத்தியால் ஓரத்தை ஒரு சீவு சீவி இதனை அறிகின்றார். அட்டையை நீரில் ஊறவைத்துக் கல்லின்மேல் வைத்துத் தட்டுவதும் பொருளற்ற பழக்கமன்று. தோலிழைகள் நெருங்கி இறுகினால் தேய்மானம் குறையும். ஐரோப்பியக் கைவினைஞரும் மடியிற் கல்வைத்து இதனையே செய்துவந்தனர்.

இத்தோற்கலையில் சேதுநாட்டு நிலத்திற்கும் ஒரு பங்கு உண்டு. மடலேறுவோன் சூடும் பூவாக நாம் பாடத்தில் அறிந்த ஆவிரை, வறண்ட இந்நிலத்தில் தானே வளர்வது. அதன் பட்டையே தென்னிந்தியத் தோல் பதனிடும் முறைக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. சுண்ணநீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவிரைப் பட்டைச்சாற்றிலும், இறுதியில் கடுக்காய்ச் சாற்றிலும் இட்டு எண்ணெய் தடவி முடிப்பர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவிரையின் இடத்தைப் பெரிதும் கவர்ந்தது. இப்பகுதிக்குரிய இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் முதலிய ஆட்டினங்கள் கம்பளிமயிர் இல்லாதவை. அத்தகைய ஆடுகளின் தோல் மென்மையும் இறுக்கமும் உடையதாதலின் உள்வரித் தோலுக்கும் கையுறைக்கும் ஏற்றது. அடியட்டைக்கு அது ஆகாது, எருமைத்தோலே வேண்டும். பச்சைத்தோல் அழுகாமற் காப்பது உப்பு; அதற்கும் இக்கரையில் குறைவில்லை.

சென்னை மாகாணத்தில் இவ்வாறு அரைப்பதமாக்கிய மாட்டுத்தோல் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. முதல் உலகப்போரில் (1914-1918) பிரிட்டிஷ் படையினர் அணிந்த பூட்சுகளின் மேற்றோலுக்குப் பெருமளவில் பயன்பட்டது. அப்பூட்சின் விலையும் தரமும் பற்றி எழுதியோர் பலர். அத்தோலைப் பதனிட்ட கைகளைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். இடையே 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பால் பதனிடும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். அத்தோல் கவலைச்சால் தைக்க ஏற்றது எனக் கண்டமை உழவர்க்குப் பெரும்பயன் தந்தது. நீரில் நாளெல்லாம் கிடந்தும் அது எளிதில் அழுகுவதில்லை. 1915-இல் தோல்தொழிற் பள்ளியும், 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் சென்னையில் தோன்றின.

இனி, நல்ல கட்டு என்பது இடத்தொடு பொருந்தி அமைவது. கடற்கரையில் அதற்கு வரும் பகை மூன்று வகையால் வேலை செய்கிறது. உப்புநீர் தோலில் ஊறி உலர்ந்தால் எண்ணெய்ப்பசை போய்த் தோல் விறைக்கும். வெண்கரிப்பும் மேலே பூக்கும். உப்பு ஈரத்தை ஈர்க்குமாதலின் தையல்நூலும் விரைவில் இற்றுப்போம். ஆணியறைந்த அடியாயின் நிலை இன்னும் மோசம். 1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தை உப்புக்காற்றின் துருவினின்று காப்பதற்கு 2022-இல் அதில் வண்டிகள் நின்றதுவரை எத்துணைப் பாடுபட வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர்க்கு, செருப்பின் ஆணி இங்கு என்னாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. துருவேறிய ஆணி தன்னைச் சுற்றியுள்ள தோலையும் கறுக்கச் செய்து நொறுக்கிவிடும். மணலோ தையலை அராவி அறுப்பது. எனவே அட்டையில் கத்தியால் பள்ளம் கீறி, மெழுகு தோய்த்த நூலை அதனுள் அமிழ்த்தித் தைத்தலே இக்கரைக்கு ஏற்ற துன்னல். உயர்ந்த பூட்சு என விலைகொடுத்து வாங்கியது ஆணியடியாக இருப்பின், இங்குள்ள அளவுகோலால் அது தாழ்ந்ததே.

இத்துணை நுண்ணறிவு உடையோரை நம் இலக்கியமும் சமுதாயமும் எங்ஙனம் நடத்தின? புறநானூற்று 82-ஆம் பாட்டில் சாத்தந்தையார், போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் மற்போர் விரைவிற்குக் கட்டில் பிணிப்போன் கையூசியின் விரைவை உவமை கூறுகின்றார். ஊரில் விழா, மனைவிக்கு மகப்பேறு, மழை, மறையும் ஞாயிறு: இத்தனையும் நெருக்க ஊசி பறக்கிறது. ஒரு தொழிலாளியின் கைத்திறனை இவ்வளவு கூர்ந்து கண்ட பாட்டு அரிது. அவனைச் சுட்டும் சொல்லோ 'இழிசினன்' என்பது. பின்வந்த காப்பியத்தில் பரதன் தலைமேற்கொண்ட பாதுகை அரியணை ஏறிற்று. பெரியபுராணத்தில் கண்ணப்பரின் செருப்படி இறைவன் திருமேனியிலேயே பட்டது. காலணி இவ்வளவு உயர்ந்தும், தைத்தோன் உயரவில்லை. இதனை இலக்கிய முரண் எனக் கூறி அமைதல் எமக்கு உடன்பாடன்று. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்புத் தலைவராயிருந்த ஹட்டன், இராமநாதபுரம் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிக்கம் பெற்ற ஒரு சமூகத்தார் ஆதிதிராவிட மக்கள்மீது விதித்த எட்டுத் தடைகளைப் பதிவுசெய்துள்ளார். பொன் வெள்ளி அணியாமை, முழங்காலுக்குக் கீழே ஆடை உடாமை எனச் செல்லும் அவற்றுள் எட்டாவது, ஆடவர் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலாகாது, செருப்பும் அணிதலாகாது என்பது. நண்பகலில் இந்நாட்டு மணலில் வெறுங்காலொடு நின்றறிந்தோர் அவ்விதியின் கொடுமையை உணர்வர். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955-இல் வந்தபின்னும், ஊர்த்தெருவில் செருப்பைக் கையிலேந்தி நடக்குமாறு ஒடுக்கப்பட்டோரை வற்புறுத்திய ஊர்கள் தென்மாவட்டங்களில் இருந்தன.

இவ்வொடுக்குமுறையால் ஆராய்ச்சிக்கு நேர்ந்த இழப்பும் சிறிதன்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஒப்பற்ற பணியே. எனினும் ஏட்டிலும் நிகண்டிலும் ஏறிய சொல்லுக்கு அதில் கிட்டிய இடம், தெருவோரத்துத் தோல்வினைஞர் நாவில் வழங்கும் சொல்லுக்குக் கிட்டியிருத்தல் இயலாது. தொடுதோலுக்கு உரைவேற்றுமை காணும் நாம், வெல்டுக்கு இணையான வாரைத் தைப்பவர் எப்பெயரால் அழைக்கின்றார் என்று அவரிடம் சென்று கேட்டோமில்லை. முதுகலை மாணவர் சிலரேனும் குறிப்பேட்டொடு சென்று அவரருகே அமர்தல் வேண்டும். பழைய மோட்டார் டயரை அறுத்து அடியாக்கிய டயர்ச்செருப்பு ஒன்றே தனிக் கட்டுரைக்குப் போதிய பொருளாகும். நூலிழையும் இரப்பரும் சேர்ந்த டயர் உப்பிற்கும் மணலிற்கும் அஞ்சாது. ஆனால் தோல்வார் அதன்மேல் நிற்பது தையலால்தான்.

இராமேசுவரத்தில் கோயிலுக்குச் செல்லும் தெருவொன்றில் முதியவர் ஒருவர், வெளியூரார் கொணர்ந்த பூட்சு ஒன்றிற்கு அடி மாற்றுவதை யாம் நெடுநேரம் கண்டிருந்தோம். முதலில் மேற்றோலை மடித்துப் பார்த்தார். பின் பழைய அட்டையின் ஓரத்தைச் சீவிப் பார்த்தார். அதன்பின் பழந்தையலை ஒவ்வொரு கண்ணாக அறுத்து நூலைப் பிடுங்கினார். புதிய அட்டையை வைத்தபின் புதுத்துளை இடவில்லை. விளிம்பு வாரில் முன்னிருந்த துளைகளிலேயே ஊசியைச் செலுத்தினார். காரணம் வினவியபொழுது, மேலும் மேலும் துளைத்தால் வார் சல்லடையாகிவிடும், அடுத்த முறை தைக்க இடமிராது என்றார். அவ்வேலைக்கு அவர் சொன்ன பெயர் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். புதுச்செருப்புச் செய்வதற்கும் அடி மாற்றுவதற்கும் அவர் வாயில் வந்தது ஒரே சொல்: 'தைக்கிறது'.