கொத்து, படி, ஜீதம்: கூலிச் சொல்லுக்குள் ஒளிந்த அடிமை

1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு இணைந்த திருத்தணி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் இன்றும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பேச்சு. செங்கல் சூளையிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ மரம் வெட்டும் இடத்திலிருந்தோ மீட்கப்படும் குடும்பத்துக்குக் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழில் ‘கொத்தடிமை’ என்று எழுதப்படுகிறது. எல்லைக்கு அப்பால் அதே நிலைக்கு ‘வெட்டிச் சாக்கிரி’ என்று பெயர். ‘அடிமை’ என்றதும் நம் மனத்தில் விலங்கும் சவுக்கும் சந்தையும் வந்து நிற்கின்றன. அவை கண்ணுக்குத் தென்படாத இடத்தில் அடிமைத்தனம் இல்லை என்று முடிவுகட்டுவதும் எளிதாகிவிடுகிறது. ஆனால் இந்த நிலையைச் சுட்ட நம் மக்கள் வழங்கிய சொற்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: இவற்றில் பல, ஆளிடமிருந்து பறித்ததைச் சொல்லாமல் ஆளுக்குக் கொடுத்ததைச் சொல்கின்றன. அடிமைத்தனம் நம்மிடையே பெரும்பாலும் கூலியின் பெயரில்தான் வாழ்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘கொத்து’ என்ற சொல்லுக்குக் கூட்டம், குலை என்ற பொருளும் உண்டு. ஆளுக்கு அளந்து தரும் தானியக் கூலி என்ற பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது அரிசி அளக்கும் அளவையின் பெயர். முதற்பொருளைக் கொண்டால் கொத்தடிமை என்பது குடும்பமே கொத்தாகக் கட்டுண்ட நிலை. இரண்டாவதைக் கொண்டால் கொத்துக்காகக் கட்டுண்ட நிலை. முதற்பொருளே சரி என்பவர்கள் கூலி வாதத்தை மறுக்கலாம். ஆனால் கூலிப்பொருள் ‘கொத்து’ ஒன்றை மட்டும் நம்பி நிற்கவில்லை. ‘படியாள்’ என்பதில் உள்ள ‘படி’யும் தானியம் அளக்கும் அளவை, அன்றாடம் அளந்து தரும் கூலி. தெலுங்கில் ‘ஜீதம்’ என்றால் சம்பளம். அதே சொல் கன்னடத்தில் ‘ஜீத’ என்று கடனுக்கு உழைக்கும் அடிமை முறையைக் குறிக்கிறது. மேற்கு ஒடிசாவிலிருந்து நம் சூளைகளுக்கு வரும் தொழிலாளர்களை அவர்கள் ஊரில் ‘தாதன்’ தொழிலாளர் என்பார்கள். ‘கொடுத்தல்’ என்ற பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து வந்த அது, அங்கே முன்பணத்தைக் குறிக்கிறது. அவர்களைக் காக்க 1975இல் ஒடிசா இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. விதிவிலக்கும் உண்டு. ‘வெட்டி’ என்பது கூலியே இல்லாத கட்டாய வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படும் சொல். கூலி பெறாத அந்த உழைப்பின் பெயர் இன்று தமிழில் ‘பயனற்றது’ என்ற பொருளுக்கு வந்து நிற்பது, உழைத்தவர்களுக்கு மொழி செய்த இரண்டாவது அநீதி.

கொடுத்ததைக் காட்டி ஆளைக் கட்டும் வழக்கம் பழையது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு முதியவராக வரும் இறைவன், சுந்தரரின் பாட்டனார் தம் வழிவந்தோருக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்த ஆளோலையைக் காட்டுகிறார். கையெழுத்து மெய்யென்று தேறியதும் அவை பேரனை அவரிடம் ஒப்படைக்கிறது. பக்தியின் உச்சமான அந்தக் கதைக்குள் அக்காலச் சட்ட வழக்கும் பதிவாகியிருக்கிறது: ஒருவர் எழுதிய ஓலை, பிறக்காத தலைமுறையையும் கட்டும். கல்வெட்டுகள் இதை மெய்ப்பிக்கின்றன. ஆள் விற்கும் ஆவணத்துக்கு ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்று பெயர். 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்டார்கள். ஆவணத்தின் பெயரிலேயே ‘இசைவு’ இருப்பதைக் கவனிக்க வேண்டும். பசி கையெழுத்து வாங்கியது; ஆவணம் அதைச் சம்மதம் என்று பதிந்துகொண்டது.

ஆங்கிலேய அரசு 1843இல் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. ஆனால் 1859இல் வந்த ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் அவரைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 1925இல்தான் அது நீக்கப்பட்டது. விலை ஓலை போன இடத்துக்கு முன்பணம் வந்து சேர்ந்தது. இலங்கைத் தோட்டங்களில் அதற்குத் ‘துண்டு’ என்று பெயர்: தொழிலாளர் பட்ட கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டது, அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்குக் கங்காணியோடு ஆட்களும் கைமாறினார்கள். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. திருத்தணிப் பக்கத்துச் சூளையில் இன்று வழங்கும் சொல் ‘அட்வான்ஸ்’. மேஸ்திரி கையில் வாங்கும் ஒரு தொகைக்குக் கணவன், மனைவி, சில இடங்களில் பிள்ளைகளும் சேர்ந்து மண் மிதித்துக் கல் அறுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கு நோட்டு முதலாளியிடம். பருவம் முடிந்தும் கடன் தீர்வதில்லை. கொத்து என்ற சொல்லின் இரண்டு பொருளும், குடும்பமும் கூலியும், இங்கே ஒன்றாகவே நிற்கின்றன.

‘எந்தத் தொழிலில்தான் முன்பணம் இல்லை? அவர்களாகவே கேட்டு வாங்கினார்கள். பூட்டு இல்லை, கையில் செல்போன் இருக்கிறது, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறிவிட்டும் வருகிறார்கள். இவர்களை அடிமை என்பது மிகை’ என்று சூளை முதலாளிகள் சொல்வதுண்டு. இந்த வாதத்தைத் தள்ளிவிடக் கூடாது. அளந்து பார்க்க வேண்டும். முன்பணம் தானாகக் குற்றமாகாது என்பது உண்மை. அரசு ஊழியர் வாங்கும் அகவிலைப்படியிலும் படியாளின் அதே ‘படி’தான் இருக்கிறது. அதை வாங்குபவர் வேலையை விட்டுப் போகலாம், படியாள் போக முடியாது என்பதே வேறுபாடு. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அளக்கச் சொல்வதும் இதையே. கடனுக்கோ முன்பணத்துக்கோ ஈடாக ஒருவர் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைத்தாலும், வேறு வேலை தேடும் உரிமையை இழந்தாலும், நாட்டில் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமையை இழந்தாலும், தன் உழைப்பின் விளைவைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தாலும், இவற்றில் ஒன்றே போதும், அது கொத்தடிமை. பூட்டும் வேலியும் அந்த வரையறையில் இல்லை. அச்சட்டம் பெயர் சொல்லித் தடைசெய்த முறைகளின் பட்டியலில் ஜீதா, பாலேரு, படியாள், பண்ணையாள், வெட்டி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. குடும்பத்தில் ஒருவரைச் சூளையில் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை மலைக்கு அனுப்புவது பிணை வைப்பது. அதைச் சுதந்திரத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது. ‘இசைந்துதானே வந்தார்கள்’ என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் விடை சொல்லிவிட்டது: வறுமையும் பசியும் தரும் நெருக்கடியும் கட்டாயமே, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு. மறுநாள் அடுப்பெரிய வேறு வழி இல்லாதவரின் சம்மதத்தைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்க முடியாது.

‘மனிதக் கடத்தல்’ என்ற சொல்லும் நம் பார்வையைத் தடுக்கிறது. கடத்தல் என்றால் வாயைப் பொத்தித் தூக்கிப் போவது, எல்லை தாண்டுவது என்றே காதில் விழுகிறது. சட்டமோ சுரண்டும் நோக்கத்தோடு ஏமாற்றியோ வற்புறுத்தியோ ஆள் சேர்ப்பதையும், கொண்டுபோவதையும், தங்கவைப்பதையும், ஏற்பதையும் ஒன்றாகவே குற்றம் என்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் பக்கத்து ஊருக்குச் சென்ற இருளர் குடும்பமும் கடத்தப்பட்ட குடும்பமாக இருக்கலாம்.

இதை ஒழிக்க உழைப்பவர்கள் முதலில் மோதுவது கடனின் நியாயத்தோடு. அதனால்தான் கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சட்டம் கடன் கொடுத்தவர் மேலேயே வைத்தது. மீட்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்து, அடுத்த சூளையில் இருப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு மீட்கப்பட்ட தொழிலாளர்களே சொந்தமாகச் செங்கல் சூளை நடத்துகிறார்கள். அதே மண், அதே கை, அதே தொழில். கணக்கு நோட்டு மட்டும் அவர்களிடம். ஆகவே வீடு கட்டச் செங்கல் வாங்குபவர்கள் கல்லின் விலையோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: இதை அறுத்தவர் நாளைக்கே வேலையை விட்டுப் போக முடியுமா? முடியாது என்று தெரிந்தால் அதைக் கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ சொல்வது நம் கடமை. ‘பணம் கொடுத்திருக்கிறேன்’ என்பது கொத்தடிமைக்கு மறுப்பாகாது. தமிழிலும் கன்னடத்திலும் ஒடியாவிலும் கொத்தடிமையின் பொருளே அதுதான்.