செவ்வாயோ வெறுவாயோ, விழுந்தா வீட்டுக்கு!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்கப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு மண்டியில கணக்கு எழுதினவர். செவ்வாய்க்கிழமை சந்தை கூடினதாலதான் எங்க பேட்டைக்கே அந்தப் பேரு. அவரோ "செவ்வாயோ வெறுவாயோ"ன்னு அன்னிக்கு மட்டும் லாட்டரி டிக்கெட் வாங்க மாட்டார். மத்த ஆறு நாளும் வாங்குவார் :-) விழாத டிக்கெட்டை எல்லாம் வச்சு அக்காவும் நானும் கண்டக்டர் விளையாட்டு ஆடுவோம்.

இந்த டிக்கெட்டோட கதை சுவாரசியமானது. கேரளா 1967-ல் அரசு லாட்டரியை ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே, 1968-ல், அண்ணா ஆட்சியில தமிழ்நாட்டுக்கும் வந்தது. பகுத்தறிவு பேசின ஆட்சி அதிர்ஷ்டத்தை வித்துச்சான்னு கேட்கலாம். அரசுக்கு வேண்டியது வருமானம். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அந்தக்கால விளம்பரம். யோசிச்சுப் பார்த்தா இதைவிட நேர்மையான சூதாட்ட விளம்பரம் கிடையாது. விழாதுங்கறதையும் சேர்த்தே சொல்லிடுச்சே!

கணக்கு ரொம்ப எளிசு. பரிசு, ஏஜென்ட் கமிஷன், அரசு வருமானம் எல்லாம் டிக்கெட் வித்த காசுல இருந்துதான் வரணும். அதனால அத்தனை டிக்கெட்டையும் ஒருத்தரே வாங்கினா நிச்சயம் நஷ்டம். ஆனா எங்கப்பா, "ஒரே ஒரு நம்பர்ல போச்சு"ம்பார். குலுக்கல்ல பக்கத்து நம்பருக்கும் பத்தாயிரம் தள்ளி இருக்கிற நம்பருக்கும் வித்தியாசமே இல்லைன்னு எனக்குக் காலேஜ்ல புரிஞ்சது. அவருக்குக் கடைசி வரைக்கும் புரியலை.

1999-ல் உச்ச நீதிமன்றம், அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான்னு சொன்னது. இன்னொண்ணும் சொன்னது. ஒரு மாநிலம் வெளி மாநில லாட்டரியைத் தடுக்கணும்னா, முதல்ல தன்னோட லாட்டரியை நிறுத்தணும். 2003 ஜனவரியில ஜெயலலிதா அரசு மொத்தமா தடை போட்டது. அப்ப எனக்கு அஞ்சு வயசு. கண்டக்டர் வேலை போச்சு.

இப்ப சட்டத்தோட இன்னொரு பக்கம். அதிர்ஷ்டம்னா சூதாட்டம், திறமைன்னா விளையாட்டு. நம்ம கோர்ட்டுங்க ரொம்ப காலமா பிடிச்சிருந்த கோடு இது. லாட்டரி வர்றதுக்கு முந்தின வருஷம், 1967-லேயே ரம்மி பெரும்பாலும் திறமைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. எந்தச் சீட்டு விழுந்ததுன்னு ஞாபகம் வச்சு, எதை வச்சுக்கறது எதைக் கழிக்கறதுன்னு முடிவு பண்ணணுமாம். 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமை ஆச்சு. 2022-ல் ஆன்லைன் ரம்மிக்குத் தடை கொண்டுவர தமிழ்நாடு சட்டம் போட்டப்ப, 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாதுன்னது. காரணம் அதே திறமை.

இதுல நான் எங்க வர்றேன்? 2023-ல் ஒரு ரம்மி ஆப்ல ஒரு மாசச் சம்பளத்தை விட்டேன். நிகழ்தகவுல நல்ல மார்க் வாங்கின இன்ஜினியர் சார் நான்!

அப்பதான் ஒண்ணு உறைச்சது. லாட்டரியில தோத்தா அப்பா "என் நேரம்"னு டிக்கெட்டை எங்ககிட்ட கொடுத்துட்டு மண்டிக்குப் போயிடுவார். நான் தோத்தப்ப "சரியா ஆடலை"ன்னு நினைச்சேன். சரியா ஆடிக் காட்டணும்னு திரும்பப் பணம் கட்டினேன். அதிர்ஷ்டத்தைக் குறை சொல்றவன் எழுந்து போக முடியுது. தன் திறமையைக் குறை சொல்றவனால முடியலை. கோர்ட் பிடிச்ச கோடு சட்டத்துக்குச் சரியா இருக்கலாம், ஆனா தோக்கறவனுக்கு ஆபத்து அந்தக் கோட்டுக்கு மறுபக்கத்துலதான்.

2025 ஆகஸ்ட்ல பாராளுமன்றம் போட்ட சட்டம் அந்தக் கேள்வியையே விட்டுடுச்சு. திறமையோ, அதிர்ஷ்டமோ, ரெண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஜெயிக்கிற ஆன்லைன் விளையாட்டு கூடாதுன்னுடுச்சு.

பணம் போனதை அப்பாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுக் கேட்டார்: "எத்தனை நம்பர்ல போச்சு கண்ணு?"