குணமும் உடல் நலமும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் 'குணம்' என்னும் சொல் இரு பொருள் தருவது. மனிதனின் இயல்பைக் குணம் என்கிறோம். நோய் நீங்குவதையும் குணமாதல் என்கிறோம். அரபி மொழியிலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் காணலாம். உடலின் படைப்பமைப்பைக் குறிக்கும் 'கல்க்' என்னும் சொல்லும், உள்ளத்தின் பண்பைக் குறிக்கும் 'குல்க்' என்னும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. எழுத்தில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. உயிர்க்குறி ஒன்றே வேற்றுமை. உடலும் பண்பும் அண்டை வீட்டார் என்பதை இவ்விரு மொழியினரும் பண்டு தொட்டே உணர்ந்திருந்தனர் போலும்.

இன்னொரு சொல்லையும் நோக்குவோம். உடலின் ஓரிடம் சிவந்து, வீங்கி, வெப்பமுற்று, வலிப்பதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் தீ. அரபியர் இதனை 'இல்திஹாப்' என்பர். 'லஹப்' என்றால் தீச்சுடர். இந்நான்கு அடையாளங்களையும் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் ரோமாபுரியின் செல்ஸஸ். அவர் தம் மொழியிலும் அழற்சிக்குரிய சொல் தீயிலிருந்தே பிறந்தது. கோபத்தையும் நாம் தீ என்றே பேசுகிறோம். அவ்வாறாயின் ஒரு வினா எழுகிறது. ஒருவனின் குணத்தில் எரியும் தீ, அவன் உடலிலும் எரிகின்றதா?

இவ்வினாவை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தோருள் கிரேக்க மருத்துவர் காலன் முக்கியமானவர். உயிரின் ஆற்றல்கள் உடலின் கலவையைப் பின்பற்றியே அமைகின்றன என்பதை நிலைநாட்ட அவர் தனி நூலே எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் காலனின் நூல்களை அரபியில் பெயர்த்தனர். அந்தக் கலவையே 'மிஜாஜ்' என்று பெயர் பெற்றது. உருது பேசுவோர் ஒருவரையொருவர் கண்டதும் மிஜாஜை விசாரிக்கிறார்களே, அது இந்த மருத்துவச் சொல்தான்.

ஆயின் அரபு உலகின் அறிஞர்கள் காலன் கூறியதைத் திருப்பிக் கூறியதோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 322ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்களின் நலமும் உள்ளங்களின் நலமும் பற்றி ஒரே நூலை இரு பகுதிகளாக எழுதினார். உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்திற்கும் நோய் வருகிறது. மருத்துவர்கள் முன்னதை மட்டுமே கவனிக்கின்றனர் என்பது அவர் குறை. கோபம், அச்சம், துயரம், விடாது அலைக்கும் வீண் எண்ணம் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் சொன்னார்.

இப்னு ஸீனா (980-1037) தம் 'கானூன்' நூலில், நலத்திற்கு இன்றியமையாத ஆறு காரணங்களைக் கூறுகிறார். காற்று, உணவும் நீரும், உடலின் இயக்கமும் ஓய்வும், உள்ளத்தின் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவை வெளியேற்றலும் தேக்கலும் என்பன அவை. கோபம் உடலின் வெப்பத்தைத் திடீரென வெளிநோக்கிச் செலுத்துகிறது என்றும், துயரம் அதனை மெல்ல உள்நோக்கி ஒடுக்குகிறது என்றும் அவர் விளக்கினார். இங்கு வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆறு காரணங்களில் உள்ளம் ஒன்றே. ஏனைய ஐந்தும் காற்றும் சோறும் உழைப்பும் உறக்கமும் போன்றவை. இக்கணக்கை நாம் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

குணத்தை மாற்ற இயலுமா என்ற வழக்கும் அந்நாளில் எழுந்தது. பிறவியில் அமைந்த உருவத்தை மாற்ற இயலாததுபோல் குணத்தையும் மாற்ற இயலாது என்றனர் சிலர். ஹிஜ்ரி 505ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் இக்கூற்றை மறுத்தார். குணம் மாறாதெனில் அறிவுரைக்கும் பயிற்சிக்கும் பொருளே இராது என்பது அவர் வாதம்.

நம் தமிழ் மண்ணில் சித்த மருத்துவம் வாதம், பித்தம், ஐயம் என மூன்றாகப் பகுத்தது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் அம்மூன்றையே முதற்கண் சுட்டுகிறது. இவ்விரு மரபுகளும் அரசின் அவையில் ஒருங்கே அமர்ந்த காலமும் உண்டு. 1921ல் சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகம்மது உஸ்மான் அவர்கள் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அக்குழு 1923ல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாகச் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் தோன்றிற்று. பிற்காலத்தில் 1979ல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும் சென்னையில் அமைந்தது.

இனி மேலைநாட்டு ஆராய்ச்சிக்கு வருவோம். 1930ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்ஸிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு பொருளைக் கண்டனர். ஸி-ரியாக்டிவ் புரோட்டீன் எனப்படும் அப்பொருளை, அழற்சி எழுந்ததும் கல்லீரல் சுரக்கிறது. வெளியே வீக்கமோ சிவப்போ தெரியாமல், நீறு பூத்த நெருப்பாக நெடுநாள் நீடிக்கும் அழற்சியையும் அதன் அளவைக் கொண்டு அறியலாம். 2005ல் சென்னை மக்களிடையே நடந்த ஆய்வொன்று, நீரிழிவும் உடற்கொழுப்பும் இதய நோயும் உடையோரிடம் இப்பொருள் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. 2017ல் வெளியான மற்றோர் ஆய்வில், பத்தாயிரம் இதய நோயாளிகளிடையே அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்து சோதிக்கப்பட்டது. இரத்தக் கொழுப்பு குறையாமலேயே மாரடைப்பு குறைந்தது. ஆகவே அந்த உள்தீ வெறும் அடையாளமன்று, காரணமும் ஆகும்.

குணத்திற்கும் இத்தீக்கும் தொடர்புண்டா? உண்டு என்றே பல ஆய்வுகளைத் திரட்டி நோக்கியோர் கூறுகின்றனர். ஒழுங்கும் பொறுப்பும் உடையோரிடம் அழற்சிப் பொருள்கள் சற்றுக் குறைவு. பகைமை உணர்வு மிக்கோரிடம் சற்று மிகுதி. 1921ல் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 1500 சிறுவர்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வின் முடிவு 1993ல் வெளியாயிற்று. பொறுப்புணர்வுடைய சிறுவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தனர். வியப்பு யாதெனில், எப்போதும் கலகலப்பாயிருந்த சிறுவர்களோ அவ்வளவு காலம் வாழவில்லை. பொறுப்புள்ளவர் புகைப்பதில்லை, நேரத்திற்கு உண்கிறார், உறங்குகிறார். குணம் பெரும்பாலும் பழக்கத்தின் வழியாகவே உடலைச் சென்றடைகிறது. மேலும் இத்தொடர்பு சிறியதே. 'சற்று' என்ற சொல்லை நாம் காரணத்தோடுதான் எழுதினோம்.

அச்சிறு தொடர்பைப் பெரிதாக்கியதால் விளைந்த தீங்கு கொஞ்சமன்று. 1959ல் ஃபிரீட்மன், ரோஸன்மன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், எப்போதும் அவசரமும் போட்டியும் சினமும் உடையோரை 'ஏ வகை' என்று பெயரிட்டு, இதய நோய் அவர்களையே மிகுதியாகத் தாக்குவதாக அறிவித்தனர். அடுத்து 3154 ஆடவரைப் பின்தொடர்ந்த ஆய்வும் அதனை ஆதரித்தது. ஆயின் 1988ல் அதே ஆடவர்களின் வரலாற்றை மீண்டும் நோக்கியபோது, இதய நோய் கண்டபின் ஏ வகையினரே குறைவாக இறந்திருந்தனர்! இந்த ஆராய்ச்சிக்குப் பெரும் சிகரெட் நிறுவனம் ஒன்று நெடுங்காலம் பொருளுதவி செய்த செய்தி, அதன் உள் ஆவணங்களிலிருந்து 2012ல் எடுத்துக் காட்டப்பட்டது. மாரடைப்புக்குக் காரணம் மனிதனின் குணமே என்றால் சிகரெட்டின் மீதான பழி குறையுமன்றோ? புற்றுநோய்க்கென ஒரு குணவகை உண்டு என எழுதிய லண்டன் உளவியலாளர் ஐஸென்க்கின் 26 கட்டுரைகள் நம்பத்தக்கவையல்ல என்று 2019ல் கிங்ஸ் கல்லூரியின் விசாரணையே தீர்ப்பளித்தது.

இந்த வரலாறு எங்கோ நடந்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது. திருவள்ளூரை அடுத்த காக்களூரைப் பாருங்கள். ஏரியும் வயலும் சூழ்ந்த ஊரில் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ளது. இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியிலும் பெரும் தொழிற்பேட்டை உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து விடியலில் வீடு திரும்பும் தொழிலாளி ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பு வந்தால், அக்கம்பக்கத்தார் சொல்வதென்ன? "அவருக்குக் கோபம் அதிகம், எதையும் மனத்தில் போட்டுக் குமைவார்" என்கின்றனர். நோயுற்றவரும் அதை நம்பி, தம் குணத்தையே குற்றவாளியாக்கிக் கூனிக் குறுகுகிறார். அவர் உறக்கம் இழந்த இரவுகளையும், உலைக்கருகே நின்ற நேரத்தையும், மூச்சிலேறிய தூசியையும் எவரும் கணக்கிடுவதில்லை. உறக்கம் குறைந்தால் அழற்சிப் பொருள் மிகுவதைச் சோதனைகளே காட்டியுள்ளன. லண்டன் அரசு ஊழியரிடையே 1967ல் தொடங்கிய ஆய்வில், இதய நோயால் மிகுதியாக மாண்டவர்கள் உயர் பொறுப்பின் பரபரப்பில் உழன்ற அதிகாரிகள் அல்லர்; கடைநிலையில் இருந்தோரே.

இப்போது இப்னு ஸீனாவின் ஆறு காரணங்களை எண்ணிப் பார்ப்போம். காற்று ஆலையின் கையில். உழைப்பும் ஓய்வும் மேற்பார்வையாளர் கையில். உறக்கம் ஷிப்ட் அட்டவணையின் கையில். உள்ளம் ஒன்றே தொழிலாளியின் கையில் எஞ்சுகிறது. அதுவும் முழுமையாக அன்று. ஆறில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தையும் விட்டுவிடுவது பழைய மருத்துவமும் அன்று, புதிய மருத்துவமும் அன்று.

கோபத்தை அடக்கப் பயில்வது நன்றே. கஸ்ஸாலி கூறியதுபோல் குணம் மாறக் கூடியது. பொறுப்பும் ஒழுங்கும் பயிற்சியால் வளர்பவை. அவற்றால் உடலும் பயனடையும். ஆயின் அது நலமாய் இருக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய அறிவுரை. நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து பிறர் படிக்கும் குற்றப் பத்திரிகையாக அது ஆகிவிடலாகாது. நோய் விசாரிக்கச் செல்வோர், "ஏன் இவ்வளவு கோபப்பட்டீர்?" என்று கேட்பதினும், "இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்? ஆலையில் காற்று எப்படி?" என்று கேட்பார்களாயின், அவ்விசாரிப்பே பாதி மருந்தாகும்.