குடல் புற்றுநோயும் ஒரு புரதமும்

ராமநாதபுரத்துக்கு வடக்கே, புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதை சீதபேதி என்றே நினைத்தார்களாம். அந்த இழப்பின் வலிதான் 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது.

1965-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மேன் இருவரும் குடல் புற்றுக்கட்டியில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். கருவிலுள்ள சிசுவின் குடலிலும் அது இருந்தது. அதுதான் சி.இ.ஏ.

ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தில் இது அதிகமாக இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. ஆபரேஷனுக்குப் பின் இறங்கி மறுபடி ஏறினால், நோய் திரும்புகிறதோ என்று டாக்டர்கள் தேடுவார்கள். ஆனால் புகைபிடிப்பவர்களுக்கும் இது கூடும். சில நோயாளிகளுக்குக் கூடவே கூடாது. அதனால் நோயைக் கண்டுபிடிக்க இதை மட்டும் நம்ப முடியாது. மலத்தில் ரத்தம் போனால், மூலம் என்று தள்ளிப்போடாமல் உடனே டாக்டரைப் பார்ப்பதே நல்லது.