ஓவியத்தைப் பார்த்தால் வருத்தம் மாறுமா? இசன்ஹைம் சொல்லும் கதை

இணையத்தில் தேடினால் "குணமாக்கும் ஒளி ஓவியங்கள்" நிறையக் கிடைக்கும். நடுவில் பொன்னிற வெளிச்சம், சுற்றிவர நீலமும் ஊதாவுமாக வளையங்கள். இதை அறையில் மாட்டினால் தலையிடி போகும், மனப்பாரம் குறையும், பெரிய வருத்தங்கள்கூட மாறும் என்று எழுதி, கீழே விலையும் போட்டிருப்பார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஒரு தங்கச்சி, "அண்ணா, இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டிருந்தாள்.

ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் 500 வருடங்களுக்கு முன் ஒரு ஆஸ்பத்திரிக்காக, அங்கே படுத்திருந்த நோயாளிகளை மனதில் வைத்து வரையப்பட்ட ஒளி ஓவியம் ஒன்று இருக்கிறது. பாசலில் இருந்து ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கொல்மார். அங்கே உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். அதன் பெயர் இசன்ஹைம் பலிபீட ஓவியம். அதன் வரலாற்றைச் சொல்கிறேன்.

பாணுக்குள் இருந்த நெருப்பு

முதலில் நோயைப் பற்றி. நடுக்கால ஐரோப்பாவில் ஏழைகளின் சாப்பாடு ரை தானியத்தில் செய்த கறுப்புப் பாண். சுவிஸ் கடைகளில் நாங்கள் ரொக்கன் பாண் என்று வாங்குகிறோமே, அதே தானியம்தான். குளிரும் ஈரமும் கூடிய வருடங்களில் அந்தக் கதிரில் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். தானியம் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த, வளைந்த, கொம்பு மாதிரி ஒன்று வளர்ந்து நிற்கும். ஜெர்மன் மொழியில் இதற்கு முட்டர்கோர்ன் என்று பெயர். மருத்துவத்தில் எர்கொட் என்பார்கள். அறுவடையின்போது அதுவும் தானியத்தோடு சேர்ந்து மாவாகிப் பாணுக்குள் போய்விடும்.

அந்தப் பூஞ்சையின் நஞ்சு இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும். கை கால்களுக்கு இரத்தம் போகாது. முதலில் ஊசி குத்துவது போல இருக்கும், பிறகு நெருப்பில் வைத்தது போல எரியும், கடைசியில் விரல்கள் கறுத்து அழுகும். சிலருக்கு வலிப்பு வரும். சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். மக்கள் இதை "அந்தோனியார் நெருப்பு" என்று அழைத்தார்கள்.

காரணம் யாருக்கும் தெரியாது. பாணில்தான் பிரச்சினை என்று பிரான்சின் அறிவியல் கழகத்துக்கு டெனி டொடார் எழுதியது 1676 இல். பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியை லூயி துலான் முழுமையாக விளக்கியது 1853 இல். அதுவரை அந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று அறியாமலே அதே பாணைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டார்கள்.

வனத்து அந்தோனியாரின் துறவிகள்

அந்தோனியார் என்றதும் உங்களுக்கு கச்சதீவுக் கோயிலும் கொச்சிக்கடைக் கோயிலும் ஞாபகம் வரும். அவர் பதுவை நகரத்து அந்தோனியார், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இந்த நோய்க்குப் பெயர் கொடுத்தவர் அவருக்கு ஏறத்தாழ 900 வருடம் மூத்தவர். எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்தவர். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை வனத்து அந்தோனியார் என்பார்கள்.

அவருடைய பெயரில் 1095ஆம் ஆண்டளவில் பிரான்சில் ஒரு துறவற சபை தொடங்கியது. இந்த எரி நோயாளிகளைப் பராமரிப்பதே அதன் வேலை. கறுப்பு உடுப்பில் நீல நிறத்தில் ஆங்கில 'T' எழுத்துப் போன்ற ஒரு சிலுவைக் குறி அவர்களின் அடையாளம். ஐரோப்பா முழுவதும் அவர்களுக்கு ஆஸ்பத்திரிகள் இருந்தன. கொல்மாருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் இசன்ஹைம் கிராமத்து மடமும் அவற்றில் ஒன்று.

அங்கே நோயாளிகளுக்கு என்ன கிடைத்தது? நல்ல கோதுமைப் பாண். பன்றி இறைச்சி. மூலிகைகள் சேர்த்த தைலம். புனிதரின் எலும்புகள் மேல் ஊற்றி எடுத்த வைன். அழுகிய கை காலை வெட்டி எடுக்கும் சத்திர சிகிச்சை. இதில் துறவிகள் அறியாமலே சரியாகச் செய்த ஒரு காரியம் இருக்கிறது: கோதுமைப் பாணைக் கொடுத்ததால் நஞ்சு உடம்புக்குள் போவது நின்றது. வைனாலும் ஜெபத்தாலும் குணமானதாக அவர்கள் நம்பினார்கள். பெரும்பாலும் குணமாக்கியது பாண்தான்.

அப்படியென்றால் ஓவியம் எதற்கு?

கதவு மூடியிருக்கும்போது

மடத்தின் தலைவர் கீடோ குவெர்சியின் காலத்தில், 1512 தொடக்கம் 1516 வரை, ஒரு ஜெர்மன் ஓவியர் இந்தப் பலிபீடத்தை வரைந்தார். அவரை உலகம் குரூனவால்ட் என்று அழைக்கிறது. அது அவருடைய பெயரே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அவரைப் பற்றி எழுதிய சான்ட்ரார்ட் தவறாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையான பெயர் மத்தீஸ் கோட்ஹார்ட் நிட்ஹார்ட்.

இதைச் சுவரில் மாட்டும் ஒரே ஒரு படம் என்று நினைக்கவேண்டாம். அலுமாரி மாதிரி, கதவுக்குள் கதவு இருக்கும் மரப் பலிபீடம். வழக்கமான நாட்களில் கதவுகள் மூடியிருக்கும். அப்போது தெரிவது சிலுவையில் தொங்கும் இயேசு.

உலகத்தில் அதற்கு முன் யாரும் அவரை இப்படி வரைந்ததில்லை என்றே நினைக்கிறேன். உடம்பு பச்சை படிந்த சாம்பல் நிறம். தோல் முழுவதும் முள் ஏறிய புண்கள். விரல்கள் வலியில் விறைத்து, முறுக்கி, வானத்தைப் பார்த்து விரிந்திருக்கின்றன. பாதங்கள் வீங்கியிருக்கின்றன. பின்னால் வானம் இருட்டு. அழகு என்று சொல்ல எதுவும் இல்லை.

புதிதாக வந்த நோயாளிகளை இந்தப் பலிபீடத்தின் முன் கொண்டுவந்து விடுவார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நினைத்துப் பாருங்கள். கை கறுத்துப்போன ஒரு விவசாயி. தோல் அழுகும் நாற்றத்தால் ஊரே அவனை விட்டு விலகி நிற்கிறது. செய்த பாவத்துக்குத் தண்டனை என்று அவன் காதுபடவே சொல்கிறார்கள். அவன் தலை நிமிர்ந்து பார்க்கிறான். கடவுளின் தோலும் தன்னுடைய தோலைப் போலவே இருக்கிறது.

கதவு திறந்தால்

பெருநாட்களில் வெளிக் கதவுகளைத் திறப்பார்கள். இருட்டு வானம் இரண்டாகப் பிரிந்து விலக, உள்ளே இருந்து நிறங்கள் கொட்டும். இடது பக்கம் மரியாளுக்கு வானதூதர் செய்தி சொல்கிறார். நடுவில் வாத்தியம் வாசிக்கும் தேவதைகளும், குழந்தையை ஏந்திய தாயும். அந்தக் கடவுள் குழந்தை சுற்றப்பட்டிருப்பது கிழிந்த துணியில். பக்கத்தில் குளிக்க வார்க்கும் மரத் தொட்டி, கீழே மலசட்டி. ஆஸ்பத்திரியில் தினமும் புழங்கிய சாமான்களை ஓவியர் சொர்க்கத்தில் வைத்திருக்கிறார்.

வலது பக்கத்தில்தான் எங்கள் ஒளி ஓவியம்: உயிர்த்தெழும் இயேசு. சுமார் 2.7 மீட்டர் உயரப் பலகை. நட்சத்திரங்கள் தெரியும் நள்ளிரவு. கல்லறையின் கல் உருண்டு கிடக்க, காவற்காரர்கள் கண் கூசி விழுகிறார்கள். மேலே ஒரு பெரிய வட்டமாக வெளிச்சம்: நடுவில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், ஓரத்தில் நீலப் பச்சை. விளக்கும் இல்லை, சூரியனும் இல்லை. வெளிச்சம் அந்த உடம்பிலிருந்தே வருகிறது. முகத்தின் கோடுகள் மஞ்சளில் கரைகின்றன. எண்ணெய் வர்ணத்தைக் கண்ணாடி போல மெல்லிய படைகளாக ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசியதால் வரும் விளைவு இது. கீழே நீலமாகத் தொடங்கும் பிரேதத் துணி, மேலே போகப் போகச் சிவந்து மஞ்சளாகிறது. மெழுகுதிரி வெளிச்சத்தில் இதைப் பார்த்தவர்களுக்குப் படம் அசைந்தது போல இருந்திருக்கும்.

தோலைக் கவனியுங்கள். முன் கதவில் புண்ணாகக் கிடந்த அதே உடம்பு, இப்போது பால் போல வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. சிலுவையில் பட்ட காயங்களின் தழும்புகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஓவியர் அவற்றை அழிக்கவில்லை. அவற்றிலும் வெளிச்சம் வைத்திருக்கிறார்.

இன்னும் உள்ளே மூன்றாவது அடுக்கு. நடுவில் நிக்கொலாஸ் ஹாகனவர் செதுக்கிய வனத்து அந்தோனியாரின் மரச் சிலை. ஒரு கதவில் அவர் வனத்துச் சின்னப்பரைச் சந்திக்கிறார். அவர்கள் காலடியில் ஒரு டசினுக்கு மேற்பட்ட மூலிகைச் செடிகளை இலை இலையாக அடையாளம் காணும்படி வரைந்திருக்கிறார் ஓவியர். மறு கதவில் பேய்கள் அந்தோனியாரை இழுத்து அடிக்கின்றன. கீழ் மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளமாக ஒரு உருவம் கிடக்கிறது. அது எரி நோயாளி என்று பலர் கருதுகிறார்கள். எதிர் மூலையில் ஒரு துண்டுக் கடதாசி. நான் துன்பப்பட்டபோது நீர் எங்கே இருந்தீர் என்று அந்தோனியார் கடவுளைக் கேட்கும் கேள்வி அதில் எழுதியிருக்கிறது. நோயாளிகள் மனதுக்குள் வைத்திருந்த கேள்வியை ஓவியர் பலிபீடத்திலேயே எழுதி வைத்தார்.

புண்ணும் ஆறும், மனமும் ஆறும்

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். இந்த ஓவியத்தின் வெளிச்சம் ஒரு பூஞ்சையைக்கூடக் கொல்லவில்லை. கறுத்த விரல் ஒன்றுகூட அதைப் பார்த்துச் சிவக்கவில்லை. நோயை நிறுத்தியது நல்ல பாணும் சத்திர சிகிச்சைக் கத்தியும்தான். துறவிகளும் ஓவியத்தை மட்டும் காட்டி நோயாளியை வீட்டுக்கு அனுப்பவில்லை. பாணும் கொடுத்து, புண்ணும் கட்டி, படுக்க இடமும் கொடுத்து, கூடவே ஓவியத்தையும் காட்டினார்கள். படத்தை மட்டும் விற்கிறவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதற்காக ஓவியம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. தமிழில் தேத்தண்ணி ஆறும், புண் ஆறும், அழுத மனமும் ஆறும். மூன்றுக்கும் ஒரே சொல். ஜெர்மனில் புண்ணுக்கு ஹைலன், மனதுக்கு ட்ரோஸ்டன் என்று தனித்தனியாகச் சொல்லவேண்டும். நெருப்பு என்று பெயர் வைத்த நோய்க்கு எங்கள் சொல் எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். காலை இழந்தவனுக்குப் புண் ஆறலாம், கால் திரும்ப வராது. மிச்ச வாழ்நாள் முழுவதும் அந்தத் தழும்போடு எப்படி இருப்பது? அதற்குப் பாணும் கத்தியும் பதில் சொல்லாது. தழும்போடு எழுந்து நிற்கும் ஒளி உடம்பு, ஏதோ ஒரு பதிலைச் சொல்லியது.

பிறகு வந்தவர்களும் அதைத் தேடிப் போனார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடம் மூடப்பட்டு, ஓவியம் கொல்மாருக்கு வந்தது. முதலாம் உலகப் போரின்போது, கொல்மார் ஜெர்மனியின் கையில் இருந்ததால், 1917 இல் பாதுகாப்புக்காக மியூனிக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் அங்கே அதைப் பொதுமக்களுக்குக் காட்டியபோது, தோற்றுப்போன நாட்டின் சனம் கூட்டம் கூட்டமாக வந்தது. போரில் காயப்பட்ட வீரர்களும் வந்தார்கள். 1919 இல் ஓவியம் கொல்மாருக்குத் திரும்பியது. அந்தப் போரில் சண்டையிட்ட ஓட்டோ டிக்ஸ், 1929 முதல் 1932 வரை தன் போர் ஓவியத்தை இதைப் போன்ற பலிபீட வடிவத்தில் வரைந்தார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அவர் கைதியாக வைக்கப்பட்டது, தற்செயலாகக் கொல்மாரில்தான்.

எங்களில் பலருடைய வீடுகளிலும் தழும்புகள் இருக்கின்றன. அப்பாவின் முதுகில் ஒன்று, மாமியின் காலில் ஒன்று. சிலது வெளியே தெரியாது. "அது பழைய காயம், விடு" என்பார்கள். விட்டுவிடத்தான் வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் 500 வருடங்களுக்கு முன் ஒருவர் காயத்தை மறைக்காமல், சின்னதாக்காமல், பலிபீடத்தின் நடுவில் வைத்து வரைந்தார். அதைப் பார்த்த நோயாளிகள் வெட்கப்படத் தேவையிருக்கவில்லை.

நான்கு வருடங்களாக நடந்த திருத்த வேலை 2022 இல் முடிந்தது. பழைய மெருகெண்ணெயின் மஞ்சள் படிவு நீங்கியதால் நிறங்கள் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. பலகைகளைத் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றி நடந்து எல்லாப் பக்கமும் பார்க்கலாம். போனால், ஒளி ஓவியத்துக்கு நேரே ஓடவேண்டாம். அந்த நோயாளிகள் பார்த்த ஒழுங்கிலேயே பாருங்கள்: முதலில் சிலுவை, பிறகு ஒளி. முடிந்தால் வீட்டில் தழும்பு உள்ள யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.