படைத்துறை ஆங்கிலமும் படிக்கிறவன் நிற்கும் இடமும்

படைத்துறை உத்தியோகஸ்தர்களுக்கு அறிக்கையும் கடிதமும் எழுதக் கற்பிக்கும் ஆங்கிலப் பாடங்களை நோக்கினால், இலக்கணப் பிழை களைவதும் கலைச்சொல் பெருக்குவதுமே அவற்றின் இரு கண்களாக இருப்பது புலனாகும். பிழையற்ற வாக்கியம் எழுதத் தெரிந்தவன் பிழையற்ற உத்தரவும் எழுதுவான் என்னும் அநுமானம் இவற்றின் அடியில் கிடக்கிறது. அந்த அநுமானம் பொருந்தாது என்பதும், படிக்கிறவன் நிற்கும் இடத்தை அறிதலே இக்கல்வியின் முதற்பாடமாக வேண்டும் என்பதும் என் துணிபு.

1854ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், கிரைமியாவின் பாலக்லாவாப் போர்க்களத்தில், பிரிட்டிஷ் சேனாதிபதி ராக்லன் பிரபுவின் கருத்தை ஜெனரல் ஏயரி பென்சிலால் ஒரு துண்டுத்தாளில் எழுதினார். குதிரைப்படை விரைந்து முன்னேறி, பகைவரைப் பின்தொடர்ந்து, அவர்கள் பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க முயல வேண்டும் என்பது அதன் சாரம். இலக்கணத்தில் குற்றம் காண எந்த ஆசிரியராலும் இயலாது. ஆனால் உயர்ந்த மேட்டிலிருந்த ராக்லனின் கண்ணுக்கு, ருஷ்யர் கைப்பற்றிய பிரிட்டிஷ் பீரங்கிகள் எதிர்க்குன்றுகளின்மீது தெளிவாகத் தெரிந்தன. பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கோ அவை மறைந்துபோயின. எந்தப் பீரங்கிகள் என்று அவர் வினவ, தாளைக் கொண்டுவந்த காப்டன் நோலன் கையை வீசிக் காட்டியதாகச் சொல்வார்கள். சுமார் 670 குதிரைவீரர்கள் பள்ளத்தாக்கின் கோடியிலிருந்த ருஷ்யப் பீரங்கி வரிசையை நோக்கிப் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குன்றுகளை மீட்குமாறு முன்பே ஓர் உத்தரவு சென்றிருந்தது. அதனோடு சேர்த்தே இதையும் படிப்பார்கள் என்று மேலிடம் நம்பிற்று. நோலனின் ஆவேசத்தையும், லூக்கனுக்கும் பாய்ச்சலை முன்னின்று நடத்திய கார்டிகனுக்கும் இருந்த குடும்பப் பகையையும் காரணம் காட்டும் சரித்திராசிரியர்கள் பொய் சொல்லவில்லை. எனினும், ஆவேசக்காரன் கையில் கொடுத்தாலும் பொருள் மாறாதிருப்பதல்லவா எழுத்தின் பிரயோஜனம்?

பேச்சிலும் இக்குறை உண்டு. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் பெருஞ்சேனையால் நெருக்கப்பட்ட பிரிட்டிஷ் பிரிகேடியர், நிலைமை சற்றே சங்கடமானது என்று தம் நாட்டு மரபுக்கேற்ப அடக்கமாகச் சொன்னதை, அமெரிக்க மேலதிகாரி அப்படியே நம்பிவிட்டார் என்பது பிரசித்தமான கதை. இருவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்!

ஆகவே தாய்மொழியாளனின் சரளத்தை இலக்காக வைத்து இக்கல்வியை நடத்துவது வீண். வாசகனை எண்ணி எழுந்த வழக்கங்களோ காரணமின்றிக் கற்பிக்கப்படுகின்றன. படைச் செய்திகளில் தேதியையும் நேரத்தையும் ஆறு இலக்கங்களாக்கி, எந்தப் பிரதேசத்து நேரம் என்பதை ஓர் எழுத்தால் குறிப்பதும், எதிர்மறைச் சொல்லை இருமுறை எழுதுவதும் வெறும் சம்பிரதாயமாக மனப்பாடம் செய்விக்கப்படுகின்றன. கடல் கடந்து வேறு நேரத்தில் வாழ்கிறவனையும், இரைச்சலில் ஒரு சொல்லைத் தவறவிடுகிறவனையும் எண்ணியல்லவா இவ்வழக்கங்கள் அமைந்தன? காரணம் தெரியாத மாணவன், பரீட்சை முடிந்ததும் வழக்கத்தையும் மறப்பான்.

கடிதத்தின் இலக்கணம் வேறு. அதன் வாசகன் கோப்பைப் பிரித்துப் பத்தாண்டுகள் கழித்துப் படிப்பவனாகவும் இருக்கலாம். தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன் என்று தொடங்கும் பழைய சர்க்கார் நடையைப் பலர் எள்ளுகிறார்கள். பேசுவது நபரல்ல, அலுவலகம் என்று அது அறிவிப்பதால் எனக்கு அதன்மேல் சிறிது மரியாதை உண்டு. ஆனால் அதே செயப்பாட்டுவினை விசாரணை அறிக்கையில் புகுந்து, கதவு திறந்து விடப்பட்டது என்று எழுதும்போது, திறந்தவன் தப்பிவிடுகிறான். செயப்பாட்டுவினையை எங்கும் விலக்கு என்று போதிக்கும் ஆசிரியர் இந்த வேற்றுமையைக் காண்பதில்லை.

தேசப் பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்து பிரிந்து நீலகிரியின் வெலிங்டனில் அமைந்த முப்படை அதிகாரிகள் கல்லூரியில் பல மாநிலத்தாரும் அந்நிய தேசத்தாரும் ஒருங்கே பயில்கின்றனர். பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று என்பதை நான் குறையாகக் கருதவில்லை. சொல்லாமலே விளங்கும் என்ற மயக்கம் அவர்களிடையே எளிதில் தோன்றாது. இத்தகைய வகுப்பில் ஒருவன் மேட்டிலிருந்து தான் காண்பதைக் கொண்டு உத்தரவு எழுதட்டும். அம்மேட்டைக் காணாத மற்றொருவன் கீழே அதைப் படித்து, தான் செல்லவேண்டிய இடத்தை வரைபடத்தில் புள்ளியிட்டுக் காட்டட்டும். ஆசிரியர் சிவப்பு மையைத் தொடுவது அதற்குப் பிறகு.