தாது வருடப் பஞ்சமும் தடைப்பட்ட தாய்மையும்

ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோப்பியையும் தேயிலையையும் பற்றி விரித்துரைப்பர்; 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையைப் பற்றிய நோயையும், 1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதையையும் மறவாது குறிப்பர். எல்லக் கணவாயைச் சூழ்ந்த மலைகளில் உழைக்க வந்த பெண்களின் உடல் பட்ட பாட்டுக்கு அவ்வேடுகளில் இடம் சிறிதே. அவ்வுடலும் ஒரு வரலாற்றுச் சான்றாதலின், அதனைப் படிக்கும் முறையை உடற்றொழிலியலிடமிருந்தே கற்றல் வேண்டும்.

தமிழ்நாட்டார் தாது வருடப் பஞ்சம் என நினைவுகூரும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் இலட்சத்துக்கு மேற்பட்டோரை இலங்கைக்கு விரட்டியது. மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, பின்னர் மலையேறினர். ஊரில் நின்றோர் நிலையும் நன்றன்று. நிவாரண வேலை செய்வார்க்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியம் போதும் என 1877இல் றிச்சர்ட் டெம்பிள் வகுத்தார். அது உயிர்தாங்கப் போதாதென்று சென்னைச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதிட்டார். சென்னை மாகாணத்தில் 1877இல் சாவு மலிந்தது. மறு ஆண்டிலோ பிறப்புப் பதிவு மிகத் தாழ்ந்தது.

பிறப்பு அருகியமைக்குக் காரணம் யாது? கணவன் பிழைப்புத் தேடிப் பிரிந்தமை, கருச்சிதைவு, நோய் என்பன வெளிப்படை. பசியும் மாதவிடாயை நிறுத்தும். ஆயின் அச்சமும் துயரும் தாமே அதனை நிறுத்த வல்லனவா? பஞ்சத்தில் பசியும் அச்சமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்றலின், பஞ்ச ஏடுகள் இதற்கு விடை தரமாட்டா.

இரண்டையும் பிரித்துக் காட்டிய இடம் மணிலா நகரம். இரண்டாம் உலகப் போரில் அங்குச் சந்தோ தொமாஸ் முகாமில் அடைக்கப்பட்ட பெண்களுட் பலருக்கு, உணவு பெரிதும் குறையுமுன்னரே, குண்டுவீச்சும் சிறையும் நேர்ந்த தொடக்க நாள்களிலேயே மாதவிடாய் நின்றது. விற்றேக்கர், பரேரா என்னும் மருத்துவர் இருவர் இதனை 1944இல் வெளியிட்டனர். ஒங்கொங்கின் ஸ்டான்லி முகாமிலும் இந்நிலை காணப்பட்டதென 1946இல் சிடென்ஹாம் அம்மையார் எழுதினார்.

உள்ளத்து அச்சம் சூலகத்தை எவ்வழி சென்று தாக்குகின்றது? ஹான்ஸ் செலியே 1936இல் உடலின் தகைப்பு நிலையை எலிகளிற் காட்டியிருந்தார். மூளையின் பரிவகக்கீழ் என்னும் பகுதி குருதிக் குழாய் வழியே ஓமோன்களை அனுப்பிக் கபச்சுரப்பியை ஆள்கின்றது என்னும் கொள்கையை ஜெப்ரி ஹரிஸ் 1955இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். அவ்வாறு செல்லும் இனப்பெருக்கத் தூது ஓமோனின் அமைப்பு 1971இல் அறியப்பட்டது; 1977இல் கியுமன், ஷலி இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அத்தூது இடையறாது பாய்வதன்று; பெண்குரங்குகளில் ஏறத்தாழ மணிக்கொருமுறை துடிப்பாக வெளிப்படுவது. துடிப்பு ஒழுங்கு கெடின் கபச்சுரப்பி சோர்கின்றது. சூலகம் முட்டையை விடுவதில்லை. எர்னஸ்ட் நோபில் என்பாரின் இவ்வாய்வு, விடையை அணுகிய படி எனலாம்.

எஞ்சிய கண்ணியை வைலி வேல் 1981இல் கண்டார். ஆபத்துக் காலத்தில் அதிரீனற் சுரப்பியைத் தூண்டுவதற்குப் பரிவகக்கீழ் விடுக்கும் தகைப்பு ஓமோன் அது. 41 அமினோ அமிலங்களாலானது. அதுவே இனப்பெருக்கத் தூதையும் அடக்குகின்றது. மூளையில் அதன் செயலைத் தடுத்தவிடத்து, தகைப்புற்ற எலிகளிலும் அவ்வடக்கம் தணிந்தது என 1986இல் கத்தரின் றிவியே குழுவினர் காட்டினர். அதிரீனலிலிருந்து சுரக்கும் கோட்டிசோலும் இவ்வடக்கத்துக்குத் துணைபோகின்றது. உயிரைக் காக்கும் பணியில் உடல் தன் பொருளைச் செலவிடுங்கால், புதிய உயிரை ஏற்பதை ஒத்திவைக்கின்றது போலும்.

இவ்வறிவைக் கொண்டு பழைய ஏடுகளைப் படிக்கையில் அவசரம் ஆகாது. கோப்பிக் காலத்தில் வந்தோருள் ஆடவரே மிகுதி. அறுவடை முடியத் திரும்பியோரும் பலர். ஆதலின் தோட்டங்களிற் குழந்தைகள் குறைந்திருந்தமையை முற்றும் ஓமோன் மேல் ஏற்றுதல் பிழை. கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டிய தேயிலை பெருகிய பின்னரே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. ஆயினும் பஞ்சத்தைக் கண்டு, பிள்ளையைப் புதைத்து, கடல் கடந்து, கங்காணியின் கடன்சீட்டில் அடைபட்ட ஒருத்திக்குக் கரு வாய்க்காதவிடத்து அவளை மலடி எனத் தூற்றிய வாய்கள், அவள் உடல் செய்தது இன்னதென்று அறியாதன. அது குறையன்று, ஆபத்து நீங்கும் வரை மூளை இட்ட தடை. தாது வருடம் கழிந்து மழையும் விளைவும் திரும்பிய பின், சென்னை மாகாணப் பதிவேட்டில் 1880, 1881ஆம் ஆண்டுகளிற் பிறப்புகள் மீண்டும் உயர்ந்து காணப்படுகின்றன.